குளிசை போட்டனீரோ?

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. எங்கள் தாய்வழியில் எல்லாருக்கும் மூக்குக்கு மேலே கோபம். கத்துவோம், தேத்தண்ணி குடிப்போம், மறந்துவிடுவோம். கலியாணம் கட்டிய புதிதிலேயே என் கணவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். நான் கத்தத் தொடங்கினால் அவர் ஒரு வார்த்தை பேசாமல் கேத்தலில் தண்ணீர் வைப்பார். அது கொதிப்பதற்குள் நான் அடங்கிவிடுவேன். இந்தக் கேத்தல் வைத்தியத்தோடு மொன்றியலுக்கு வந்து, வீடு எடுத்து, ஒரு மகளைப் பெற்று, அவளைப் பல்கலைக்கழகம் வரைக்கும் அனுப்பியாகிவிட்டது. ஆகவே அந்தக் கோபத்தைப் பற்றி எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

நான் சொல்ல வந்தது மற்றக் கோபத்தை.

அது எப்போது வந்து சேர்ந்தது என்று தெரியாது. காலையில் நான் கண் விழிக்கும்போதே என்னோடு சேர்ந்து விழித்துவிடும். அதற்குக் காரணம் ஒன்றும் தேவையில்லை. அவர் தேத்தண்ணிக்குள் கரண்டி விட்டுக் கலக்குகிற சத்தம் என் மண்டைக்குள் கேட்கும். மகள் செருப்பை இழுத்து நடந்தால், எனக்குக் கேட்கவேண்டும் என்றே இழுக்கிறாள் என்று தோன்றும். குழாய் சொட்டினால் குழாயோடும் சண்டை. கேத்தல் கொதித்து, ஆறி, திரும்பவும் கொதித்தாலும் நான் அடங்கமாட்டேன். சில கிழமைகளில் அது ஒரு பேய்ச் சுறுசுறுப்போடு வரும். நித்திரை இல்லை, களைப்பும் இல்லை. விடியமுன் எழும்பி அலுமாரி முழுவதையும் கொட்டி அடுக்குவேன். மூச்சு விடாமல் கதைப்பேன். என் வேகத்துக்கு வராத எல்லாரும் எனக்கு எதிரிகள். வேறு சில கிழமைகளில் கட்டிலை விட்டு எழும்பவே மனம் வராது. ஆனால் யாராவது வந்து என்ன செய்யுது என்று கேட்டால் அவர்கள் மீது எரிந்து விழுவேன்.

இதற்குக் காரணத்தை முதலில் கண்டுபிடித்தவர் என் மச்சாள், கணவரின் அக்கா. நகரத்துக்கு வெளியே கர்க்லாண்டில் பெரிய வீடு, பெரிய குளிர்சாதனப் பெட்டி, உலகத்தில் எந்த விசயத்துக்கும் ஒரு முடிந்த முடிவு.

"உது பிரஷர்தான். முகத்தைப் பார்க்கவே தெரியுது," என்று சொல்லி, கைப்பையிலிருந்து பிரஷர் பார்க்கிற மெஷினை எடுத்து என் கையில் கட்டினார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று மெஷின் காட்டியது. மச்சாள் அதை இரண்டு தட்டுத் தட்டினார்.

"பேட்டரி முடிஞ்சுபோச்சுப் போலை," என்றார்.

நான் வேலை செய்வது ஒரு கார்டரியில், அதாவது வேலைக்குப் போகிற தாய் தகப்பன் சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகிற இடத்தில். அங்கே பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் வீரிட்டு அழுதாலும் எனக்கு ஒன்றும் செய்யாது. அந்தப் பொறுமையை வைத்துத்தான் நான் சுகமாக இருக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பின்னேரம் ஒரு தகப்பன் தன் மகளுக்குச் சப்பாத்து மாட்ட நேரம் எடுத்தார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். குனிந்து, அந்தச் சின்னக் காலைப் பிடித்து, பாட்டுப் பாடிக்கொண்டு மாட்டினார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் கத்திய பிரெஞ்சில் இலக்கணம் இருந்ததோ தெரியாது, ஆனால் அவருக்கு வடிவாக விளங்கியது. பொறுப்பாளர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வேலை போச்சு என்று நினைத்தேன். அவரோ, "இது நீ இல்லை. ஒரு டொக்டரைப் பார்," என்றார். அந்த 'இது நீ இல்லை' காதில் விழுந்ததும் நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

டொக்டர் ஓர் இளம் பெண். நான் கோபத்தைப் பற்றிச் சொன்னேன், அவர் நித்திரையைப் பற்றிக் கேட்டார். நான் கரண்டிச் சத்தத்தைச் சொன்னேன், அவர் அலுமாரி அடுக்கியதை விசாரித்தார். கவலையாக இருந்ததா என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கவலைப்பட எனக்கு எங்கே நேரம், கோபப்படவே நேரம் காணாது என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிலருக்கு மனச்சோர்வு அழுகையாக வராது, எரிச்சலாகத்தான் வரும் என்றார். மனம் அளவுக்கு மிஞ்சி ஏறி நிற்கிற நாட்களிலும் சந்தோசத்துக்குப் பதிலாக எரிச்சலே முன்னுக்கு நிற்கலாம் என்றார். பிறகும் பல தரம் வரச் சொல்லி, பல கேள்வி கேட்ட பின்தான் பெயரைச் சொன்னார். பைபோலார். மனநிலை ஏறி இறங்குகிற நோய், எங்கள் பேச்சில் வருத்தம். என் மற்றக் கோபம் அந்த வருத்தத்தின் ஒரு முகம்.

லித்தியம் என்ற குளிசையை எழுதித் தந்தார். அது இரத்தத்தில் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தண்ணீர் நன்றாகக் குடி, விரதம் பிடிப்பதென்றால் முதலில் என்னிடம் கேள், சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று குறைக்காதே, கூட்டாதே என்றார். உப்புக் குறைந்தால் உடம்பு இந்த மருந்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். வாய் ருசி கொஞ்சம் மாறினாலும் மாறலாம் என்றும் சொன்னார்.

இதில் ஒரு சொல்லையும் என் கணவர் கேட்கவில்லை. அவர் ஒவ்வொரு முறையும் என்னை வாசலில் இறக்கிவிட்டுக் கார் நிறுத்த இடம் தேடிப் போய்விடுவார். மொன்றியலில் ஒரு கம்பத்தில் நாலு பலகை தொங்கும். ஒன்று நிறுத்தலாம் என்னும், அடுத்தது செவ்வாய்க்கிழமை கூடாது என்னும், இன்னொன்று பனி அள்ளும் நாளில் நிறுத்தினால் தொலைந்தாய் என்னும். அவர் எல்லாவற்றையும் வாசித்து முடித்து வரும்போது நான் மருந்துச் சீட்டோடு வாசலில் நிற்பேன். வீட்டுக்குப் போகிற வழியில் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன், விரதத்தைப் பற்றிச் சொன்னேன், வாய் ருசி மாறலாம் என்பதையும் சொன்னேன். உப்பைச் சொல்லத் தோன்றவில்லை. எங்கள் வீட்டுச் சமையலில் உப்பை யார் மாற்றப்போகிறார்கள்?

"அம்மா, போன் பேட்டரிக்குள்ளை இருக்கிறதும் லித்தியம்தான்," என்றாள் மகள், வீட்டில் குளிசைப் போத்தலைப் பார்த்து.

"அப்ப உம்மையும் படுக்கேக்கை சார்ஜிலை போடவேணுமோ?" என்றார் அவர்.

மூன்று பேரும் சிரித்தோம். நாங்கள் சேர்ந்து சிரித்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

குளிசை மெல்ல மெல்லத்தான் வேலை செய்தது. ஒருநாள் காலை அவர் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தார். கரண்டிச் சத்தம் கேட்டது. வெறும் கரண்டிச் சத்தமாகக் கேட்டது. நான் கதிரையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோசம்.

எங்கள் ஆட்கள் வாயில் 'விசர்', அதாவது பைத்தியம், என்ற சொல் வராமல் ஒருநாளும் போகாது. பஸ் பிந்தினாலும் விசர், பனி கொட்டினாலும் விசர். என் வருத்தத்தின் பெயர் தெரிந்த நாளிலிருந்து அந்தச் சொல் எங்கள் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. மச்சாள் ஒருமுறை "எனக்கெண்டால் விசர்தான்..." என்று தொடங்கி, என்னைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் போன இடத்துக்கு ஒரு கேள்வி வந்து குந்திக்கொண்டது. "குளிசை போட்டனீரோ?"

மாரி தொடங்கி, பனி அள்ளும் ஒரு நாளில் அவர் காரைப் பிழையான பக்கம் விட்டார். பலகை நாலையும் வாசிக்கிற மனுசன்! பனி அள்ளுகிறவர்கள் காரை இழுத்துப்போய் வேறு ஏதோ ஒரு தெருவில் விட்டுவிட்டார்கள். மூக்கு உறைகிற குளிரில் இரண்டு பேரும் தெருத் தெருவாகக் காரைத் தேடினோம். நான் கத்தினேன். யார்தான் கத்தமாட்டார்கள்?

அவர் நின்று, என் முகத்தைக் கனிவோடு பார்த்து, "இஞ்சரும், குளிசை போட்டனீரோ?" என்றார்.

"ஏன், நான் குளிசை போடாததாலையோ கார் ஓடிப்போனது?"

"இல்லையப்பா, சத்தம் கொஞ்சம் கூடவாக் கிடக்கு, அதுதான்."

அவருடைய அந்தக் கனிவுதான் என்னைக் கொன்றது. திரும்பிக் கத்தியிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். மகளும் தொடங்கிவிட்டாள். அவள் பாத்திரம் கழுவாமல் விட்டதற்கு ஏசினால், "அம்மா, குளிசை போட்டனீங்களோ?" என்பாள். கேட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவாமலே போய்விடுவாள். எனக்குப் பயம் பிடித்தது. வருத்தம் வந்ததற்குக்கூட நான் இவ்வளவு பயப்படவில்லை. இனிமேல் என் வாயிலிருந்து வருகிற எந்த நியாயத்தையும் இவர்கள் நம்பப்போவதில்லையோ என்றுதான் பயந்தேன். வீடு பற்றி எரிகிறது என்று நான் கத்தினாலும் குளிசைப் போத்தலைத்தான் தேடிப் பார்ப்பார்கள் போலிருந்தது.

அந்த நாட்களில் சமையல் அவருடையது. துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் அவருக்குப் பின்னேர வேலை. அதனால் காலையில் சமைத்து வைத்துவிடுவார். நல்லாகவே சமைப்பார். மாரி நடுவில் ஒரு புதுப் பழக்கம் கண்டேன். கறி இறக்குமுன் எனக்கென்று முதலில் ஒரு பாத்திரத்தில் எடுத்து வைப்பார். இத்தனை வருடத்துக்குப் பிறகு முதல் அகப்பை எனக்கு! நான் உருகிப்போனேன். கார்டரியில் கூட வேலை செய்கிற பெண்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

ஆனால் அந்தக் கறிகளில் ஒரு ருசியும் இல்லை.

"பருப்புக்கு உப்புக் காணாதப்பா," என்றேன் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

மகள் தன் சோற்றுக் கோப்பையில் இருந்து ஒரு வாய் எடுத்தாள். "நல்லாத்தானே இருக்கு அம்மா."

அவர் தலை நிமிரவில்லை. "உமக்கு நாக்கிலை ருசி மாறும் எண்டு டொக்டர் சொன்னவ எல்லோ," என்றார்.

சொன்னவர்தான். நானும் நம்பினேன். என் கோபத்தை நம்பக் கூடாது என்று ஏற்கெனவே பழகியிருந்தேன். இப்போது என் நாக்கையும் நம்பக் கூடாது போல என்று நினைத்துக்கொண்டு அந்தப் பருப்பைச் சாப்பிட்டேன்.

பிறகு கை நடுங்கத் தொடங்கியது. முதலில் கொஞ்சம், பிறகு தேத்தண்ணிக் கோப்பை தட்டில் கிடந்து அடிக்கிற அளவுக்கு. வயிற்றோட்டம். நடந்தால் கால் ஒரு பக்கம் இழுத்தது. கார்டரியில் பிள்ளைகளுக்குப் பால் ஊற்றப் போய் மேசை முழுவதும் ஊற்றினேன். பொறுப்பாளர் என்னை வீட்டுக்கு அனுப்பினார்.

"எனக்கு ஏதோ பிழைக்குது," என்று நான் வீட்டுக்குள் கத்திக்கொண்டே வந்தேன். "நான் எத்தினை நாளாச் சொல்லுறன், ஒருத்தருக்கும் காது கேக்கேல்லையோ?"

வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த அவர் கேத்தலில் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பினார். "குளிசை..." என்று தொடங்கினார்.

"போட்டனான்! போட்டபடியால்தான் சொல்லுறன்!"

இவர்களோடு கதைத்து மினக்கெடக் கூடாது என்று நானே டொக்டரின் இடத்துக்குப் போன் எடுத்தேன். அவர்கள் என் ஒரு சொல்லையும் சந்தேகிக்கவில்லை. அடுத்த குளிசையைப் போடாதே, உடனே வந்து இரத்தம் கொடு, பிறகு டொக்டர் பார்ப்பார் என்றார்கள். என் கணவர் அதைக் கேட்டதும் வேலை இடத்துக்குப் போன் எடுத்து வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வெளியே பனி அள்ளுகிற வண்டிகள் ஊளையிட்டுக்கொண்டிருந்தன. காரை எடுத்தால் திரும்ப நிறுத்த இடம் இல்லை. மெட்ரோவில் போனோம். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். அப்படித்தான், முதல் முறையாக, அவரும் டொக்டரின் அறைக்குள் வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

இரத்தத்தில் லித்தியம் இருக்கவேண்டிய அளவுக்கு மேலே ஏறியிருந்தது. நல்ல வேளை நேரத்தோடு போன் எடுத்தாய், இன்னும் விட்டிருந்தால் பெரிய ஆபத்தாகியிருக்கும் என்றார் டொக்டர். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். தண்ணீர் குடிக்கிறாயா? குடிக்கிறேன். வேறு மருந்து, நோவுக்குக் குளிசை ஏதாவது? இல்லை. விரதம்? இல்லை. சாப்பாட்டில் உப்பைக் குறைத்தாயா?

"இல்லை," என்றேன். "எப்போதும் போலத்தான்."

பக்கத்துக் கதிரை கிரீச்சிட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"நான் குறைச்சனான்," என்றார் தமிழில், என்னைப் பார்க்காமல். "அக்கா சொன்னவ. கோவம் எண்டால் பிரஷர், பிரஷர் எண்டால் உப்பைக் குறைக்க வேணும், உமக்குச் சொன்னால் நீர் சண்டைக்கு வருவீர் எண்டு. உமக்கு முதல் எடுத்து வைச்சிட்டு, பேந்துதான் எங்களுக்கு உப்புப் போட்டனான்."

முதல் அகப்பை!

நான் எழும்பினேன். கால் ஆடியது, அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்தச் சின்ன அறையில், சுவர் அதிர, யாழ்ப்பாணத் தமிழில், மனம் ஆறும்வரை ஏசினேன். அவருடைய அக்கா, அக்காவின் மெஷின், பருப்பு, என் நாக்கு, தொலைந்த கார், ஒன்றையும் விடவில்லை. வெளியே காலடிச் சத்தங்கள் வந்து கதவருகே நின்றன. டொக்டர் எழும்பவில்லை. நான் மூச்சு வாங்க நின்ற இடைவெளியில் என் கணவரைப் பார்த்துப் பிரெஞ்சில் கேட்டார், "என்ன சொல்கிறார்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லுங்கோ," என்றேன் நான். "ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ."

பாவம் மனுசன், சொன்னார். பனியிலும் களஞ்சியத்திலும் பழகிய தன் பிரெஞ்சில், வசனம் வசனமாக, தனக்கு விழுந்த ஏச்சைத் தானே மொழிபெயர்த்தார். "நான் ஒரு கள்ளனாம். அகப்பைக் கள்ளனாம். உப்பை எடுத்ததுமில்லாமல் தன் நாக்குப் பிழை என்றும் சொன்னேனாம். பைத்தியம் என்று ஒருவரும் தன்னைச் சொல்லவில்லையாம், ஆனால் தான் சொல்வதை ஒருவரும் கேட்பதும் இல்லையாம்." கடைசி வசனம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது உண்மை," என்று தன்பாட்டில் சேர்த்துச் சொன்னார். அதை நான் சொல்லவில்லை.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். பிறகு, "இது வருத்தத்தால் வந்த கோபம் இல்லை," என்றார். "எனக்கு இப்படி யாராவது செய்திருந்தால் நானும் கத்தியிருப்பேன்." என் கணவரைப் பார்த்து இன்னொன்றும் சொன்னார். இவர் என்னிடம் கோபமாக வந்தால் நான் முதலில் என்ன நடந்தது என்றுதான் கேட்பேன், குளிசையைப் பிறகு கேட்பேன் என்றார்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் அவர் தொப்பியைத்தான் கசக்கிக்கொண்டு வந்தார். நான்தான், "பிரெஞ்சு நல்லாக் கதைக்கிறியள்," என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது. எதிரே இருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

குளிசையை நிறுத்தி, இரத்தம் திரும்பத் திரும்பப் பார்த்து, அளவு இறங்கிய பின் மறுபடி தொடங்கினார்கள். நடுக்கம் போயிற்று. அந்தக் கிழமையே மச்சாள் கர்க்லாண்டிலிருந்து ஒரு பெரிய போத்தல் தேசிக்காய் ஊறுகாயோடு வந்தார். மன்னிப்பு என்ற சொல் அவருக்கு வாயில் வராது. ஊறுகாயை மேசையில் வைத்துவிட்டு, "உதுக்கு உப்புக் காணுமோ எண்டு பார்," என்றார்.

"டொக்டர் கூட்டவும் வேண்டாம் எண்டவ, மச்சாள்," என்றேன்.

"ஐயோ, கோதாரி!" என்று போத்தலைத் தூக்கிப் பைக்குள் வைத்தார். ஒரு துண்டு மட்டும் வாங்கி வைத்தேன்.

கோடை போனது. வீட்டில் நான் கத்தினால் இப்போது இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு வந்து, "என்ன நடந்தது?" என்று கேட்கிறார்கள். நான் காரணம் சொல்வேன். சில நேரம் பாத்திரமும் கழுவப்படும். இதைவிட ஒரு மனுசிக்கு என்ன வேண்டும்?

இலை நிறம் மாறத் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, நான் லீவில் நின்றேன். அவர் ஜான்-டலோன் சந்தைக்குப் போய் ஒரு கூடை தக்காளி வாங்கி வந்தார். வந்தவர் கூடையை மேசையில் வைத்தார். நான் கத்தத் தொடங்கினேன். இந்தத் தக்காளியை ஆர் வாங்கச் சொன்னது, எல்லாம் அழுகல், கண் தெரியாதோ, ஒரு வேலையும் ஒழுங்காய்ச் செய்யத் தெரியாதோ. அவர் கேத்தலுக்குப் போகவில்லை. மகளும் அறையிலிருந்து வந்து நின்றாள்.

"என்னப்பா, என்ன நடந்தது?" என்றார்.

காரணத்தைக் காட்டலாம் என்று கூடைக்குள் கையை விட்டேன். ஒரு தக்காளியை எடுத்துப் பார்த்தேன். இன்னொன்றை எடுத்தேன். நல்ல தக்காளி. சிவந்து, இறுகி, ஒரு கீறல்கூட இல்லாத தக்காளி. சில நாட்களாகவே நான் விடியமுன் எழும்பிக்கொண்டிருந்ததும், முதல்நாள் அலுமாரியைக் கொட்டி அடுக்கியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஒண்டும் நடக்கேல்லை," என்றேன். தக்காளியைத் திரும்பக் கூடைக்குள் வைத்தேன். "தக்காளி நல்லாத்தான் இருக்கு. இது என்ரை கோவம் இல்லை. டொக்டருக்குச் சொல்லவேணும்."

குளிசை போட்டேனா என்று ஒருவரும் கேட்கவில்லை. மகள் போன் எடுத்தாள். மத்தியானத்துக்குப் பிறகு வரச் சொன்னார்கள். நான் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல், "காரை எடுங்கோ," என்றேன்.

அவர் கார்ச் சாவியைத் திரும்ப ஆணியில் கொழுவினார்.

"கார் கிடக்கட்டும். மெட்ரோவிலை போவம்," என்றார். "நானும் உள்ளுக்கு வரவேணும்."